என்னைக் காப்பாற்றிய கஜபதி மேஸ்திரி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள். கஞ்சி குடித்துவிட்டு அம்பத்தூரில் என் வீட்டு வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தேன். பூந்தமல்லியிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, எங்கள் கடையில் வேலை பார்க்கும் தாவூத் வந்தான். இறங்கினான், ஆனால் சைக்கிளை நிறுத்தவில்லை. கையில் பிடித்தபடியே நின்றான்.

"அண்ணே, மேஸ்திரி பூட்டாரு."

"எப்போ?"

"காலீல தான். கடையைத் தொறந்து ஸ்டூல்ல குந்திகினு ஒயரைச் சீவிகினு இருந்தாரு. இன்னாமோ மாதிரி கீதுடா, தண்ணி கொண்டான்னாரு. நான் கொண்டாறதுக்குள்ள சாஞ்சிட்டாரு."

இங்கே கூடியிருக்கும் நீங்கள் எல்லாரும் கஜபதி மேஸ்திரியிடம் வேலை பார்த்தவர்கள், அல்லது அவரிடம் வண்டி கொண்டுவந்து வசவு வாங்கியவர்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. நிம்மதி. இனி என் பெயரை அந்தக் குரலில் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்ற நிம்மதி. சட்டையை மாட்டிக்கொண்டு தாவூத்தின் சைக்கிளில் பின்னால் ஏறினேன்.

பதினாறாம் நாளுக்கு அவரைப் பற்றி ஏதாவது எழுதி வந்து படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டீர்கள். நான்தான் அவருடன் அதிக காலம் இருந்தவன், கொஞ்சம் எழுதத் தெரிந்தவன். செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வது வழக்கம். எனக்கு மேஸ்திரியைப் பற்றி அப்படிச் சொல்ல வராது. அவர் நல்லவர் என்று சொன்னால் அவரே எழுந்து வந்து என்னை அடிப்பார்.

யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம், ஆவடிப் பக்கத்தில் பட்டாளத்து வண்டிகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் நான் ஒயர்மேனாகச் சேர்ந்தேன். மேஸ்திரிக்கு என்னைவிட நாலு வயதுதான் அதிகம். ஆனால் எங்கள் பகுதியில் இருந்த பதினோரு பேருக்கும் அவர்தான் தலை. விளக்கு, ஹாரன், பேட்டரி, ஸ்விட்ச், எல்லா வேலையும் அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வண்டி கேட்டைத் தாண்டும். பிடிக்காத வேலையைக் கண்டால் திட்டமாட்டார். இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, நாம் ஒரு பகல் முழுக்கக் கட்டிய ஒயரை நம் கண் முன்னாலேயே ஜாண் ஜாணாக நறுக்கிப் போடுவார். நறுக்கி முடித்துவிட்டு, "பொறுக்கு" என்பார். நாம் குனிந்து பொறுக்கவேண்டும். என் முதல் வாரத்திலேயே இரண்டு முறை பொறுக்கினேன். "கண்ணுக்குத் தெரியற எடத்துல எவனும் ஒழுங்கா செய்வான்டா. தகட்டுக்குப் பின்னால நீ யாருன்னு எனக்குத் தெரியணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

கன்னியப்பன் இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய மூத்த பிள்ளை அம்மை போட்டு இறந்து மூன்றாம் நாள் அவன் வேலைக்கு வந்தான். வராமல் இருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அன்று ஒரு லாரியின் பின் விளக்குக்கு அவன் கட்டிய இணைப்பு தளர்ந்திருந்தது. மேஸ்திரி அதை நறுக்கினார். "மேஸ்திரி, இன்னிக்கு ஒரு நாள்..." என்று நான் குறுக்கே போனேன். அவர் கன்னியப்பனைப் பார்த்துச் சொன்னார்: "செத்த புள்ள வந்து இந்த வண்டிய ஓட்டப் போறதில்ல. எவனோ உசிரோட கீறவன் ஓட்டப் போறான். பொறுக்கு." கன்னியப்பன் அழுதுகொண்டே பொறுக்கினான். நாங்கள் பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டு எங்கள் எங்கள் வேலையைப் பார்த்தோம். அன்று அவரைச் சபிக்காதவர் எங்களில் இல்லை.

அவர் சொன்னது சரிதான் என்பது எனக்கு எப்படித் தெரியவந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கன்னியப்பனுக்கு அது தெரியாது; இரண்டொருவரைத் தவிர உங்களில் வேறு யாருக்கும் தெரியாது.

கொட்டகைக்கு அப்போது புதிதாக ஒரு கேப்டன் துரை வந்திருந்தார். அவருக்கு வேட்டைப் பித்து. ஏரிகளைச் சுற்றியிருந்த முட்புதர்களில் முயலும் பன்றியும் சுட, விடியுமுன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போவார். ஜீப்புக்குச் சாலை வேண்டாம். வரப்பு, கரை, மேடு, பள்ளம் எதிலும் ஏறும். ஆனால் வெளிச்சம் வானத்துக்குத் தெரியக்கூடாது என்ற யுத்த உத்தரவுப்படி அதன் விளக்குகளுக்கு மேல் பாதியில் கறுப்படித்து மூடியிருந்தோம். அந்த வெளிச்சத்தில் முயல் என்ன, எருமையே தெரியாது. அதனால் துரை எங்கிருந்தோ இரண்டு பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து, ஜீப்பின் முன்னால் பூட்டச் சொன்னார். சட்டப்படி அது கூடாது. ஆனால் துரை சொல்வதுதான் அங்கே சட்டம். வேலை எனக்கு வந்தது.

அந்த வேலை எப்படிச் செய்யவேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். முன் பம்பரில் இரண்டு இரும்புத் தாங்கிகளை, ஆட்டத்தில் தளராதபடி முடுக்கவேண்டும். விளக்குகளுக்கான கம்பியைப் பேட்டரியிலிருந்து தனியாக, தனி ப்யூஸ் வைத்து எடுக்கவேண்டும். கம்பி தகட்டில் உள்ள துளை வழியாக ஸ்விட்சுக்குப் போகும். துளையின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதற்கு ரப்பர் வளையம் போடாவிட்டால் வண்டி குலுங்கக் குலுங்கக் கம்பியின் தோல் அறுந்துவிடும். அப்போது ரப்பர் வரும் மலேயா ஜப்பான்காரன் கையில். ஸ்டோரில் ரப்பர் வளையம் கிடையாது. மேஸ்திரி பழைய டியூபை வெட்டித் தாமே வளையம் செய்து கொடுப்பார். அன்று துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நான் வளையம் கேட்கப் போகவில்லை. துணி நாடாவை நாலு சுற்றுச் சுற்றினேன். தனிக் கம்பி இழுக்க அரை மணி ஆகும் என்று, வண்டியின் பழைய விளக்குக்குப் போகும் கம்பியிலேயே இதையும் சேர்த்துக் கட்டினேன். ஒன்று போனால் எல்லாம் போகும். அதுவும் எனக்குத் தெரியும்.

மேஸ்திரி வந்தார். எப்போதும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பவர் அன்று படுக்கவில்லை. துரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது, கையெழுத்துப் போட்டார். என்னைப் பார்த்து, "ஒழுங்கா கட்டினியா?" என்று கேட்டார். "கட்டினேன் மேஸ்திரி" என்றேன்.

அந்த ஜீப்பை ஓட்டியவன் தாவூத். பூந்தமல்லிக்காரன். ஐந்து வேளை தொழுகிறவன், பீடி கூடக் குடிக்கமாட்டான். விளக்குகளைப் பூட்டி ஒன்பது நாளோ பத்து நாளோ ஆகியிருக்கும். ஒரு காலை நான் கொட்டகைக்குள் நுழையும்போது ஜீப் முன்பக்கம் நசுங்கி நின்றிருந்தது. பம்பரில் ரத்தம் காய்ந்திருந்தது. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் மடையைப் பார்க்க வந்திருந்த சின்னக்கண்ணு என்ற குடியானவர்மேல் வண்டி ஏறிவிட்டது. எல்லா விளக்கும் ஒரே நொடியில் அணைந்ததாகத் தாவூத் சொன்னான். அவன் பிரேக்கை மிதிக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அடிபட்டவருக்கு உயிர் இருந்தது. அவரைத் தூக்கி ஜீப்பில் போடலாம் என்று தாவூத் கேட்டானாம். பின்னால் சுட்ட முயல்களும் துப்பாக்கியும் கிடந்தன. இடமில்லை, முதலில் வண்டியைக் கிளப்பு என்றாராம் துரை. சின்னக்கண்ணு கரையிலேயே கிடந்து, நன்றாக விடிந்த பிறகு இறந்தார்.

தாவூத்தைக் காவலில் வைத்தார்கள். அவன் ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டான் என்று துரை எழுதிக்கொடுத்தார்.

மேஸ்திரி என்னை மட்டும் ஜீப்பிடம் கூப்பிட்டார். மற்றவர்களைச் சாப்பிட அனுப்பியிருந்தார்.

"குனி" என்றார். குனிந்தேன்.

"இன்னும் குனி."

என் பிடரியைப் பிடித்து அழுத்தினார். துளையிலிருந்து கம்பியை இழுத்து என் மூக்குக்கு நேரே காட்டினார். நாடா கிழிந்து, தோல் அறுந்து, செம்பு கறுத்து உருகியிருந்தது.

"இன்னா இது?"

"துணி நாடா, மேஸ்திரி."

"துணியா? பொணத்துக்கு வாய்க்கட்டு கட்டினியா நீ?"

என்னை விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்தாமல், ஏதோ கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "கட்டினது நீ. பாக்காம கையெழுத்துப் போட்டது நான். திருட்டு லைட்டு போடச் சொன்னது தொரை. மூணு பேருக்கும் தாவூத்து தூங்கினா தான் நல்லது."

"அப்போ தாவூத்து?" என்றேன்.

"தாவூத்துக்குப் பேசறியா? பேஷ். ஆபீஸ் அதோ கீது. போய்ச் சொல்லு. நான் தடுக்கல."

ஒரு பீடியைப் பற்றவைத்து, வண்டியின் மட்கார்டில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்தார். ஆபீசுக்கு நாற்பது அடி தூரம் இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு நாலு வயதில் ஒரு பெண். எங்கள் நிலத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்ட பிறகு இந்த வேலை ஒன்றுதான் எங்கள் வீட்டுக்குச் சோறு. இவையெல்லாம் அப்போது நினைத்ததாகப் பிற்பாடு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மையில் நான் ஒன்றும் நினைக்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான். பீடி முடிந்தது.

"புரிஞ்சி போச்சி" என்றார். "ஒயர் எடு."

நாற்பது நிமிஷத்தில் அந்த ஜீப்பின் விளக்கு வேலை முழுவதையும் அவர் புதிதாகச் செய்தார். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி, தனி ப்யூஸ், டியூபில் வெட்டிய வளையம். அத்தனை நேர்த்தியான வேலையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. முடிந்ததும் தரையிலிருந்து மண்ணையும் கிரீஸையும் வழித்துப் புதுக் கம்பியின்மேல் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். பிறகு, "உன்ன காப்பாத்தினேன்னு எங்கயும் நெனச்சிக்காத. என் கையெழுத்தக் காப்பாத்தினேன். நீ நடுவுல கீற, அதால தப்பிச்ச" என்றார்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். தாவூத்தையும் அங்கே நிறுத்தியிருந்தார்கள். "எல்லா லைட்டும் அணைஞ்சி போச்சி சாமி, அல்லா மேல ஆணையா" என்று அவன் சொன்னான். மேஸ்திரி போய் ஸ்விட்சைப் போட்டார். பகல் வெளிச்சத்திலும் அந்த இரண்டு விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. அதிகாரிகளில் ஒருவர் சிரித்தார். அந்த விளக்குகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை, அது துரையின் வண்டி. தாவூத் விளக்கையே வெறித்துப் பார்த்தான். பிறகு மேஸ்திரியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். தன் கண்ணையே நம்ப முடியாதவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்று கண்டேன். பிறகு கோர்ட்டுக்குப் போனார்கள். பதினெட்டு மாதம் கடுங்காவல். துரைக்கு வேறு ஊருக்கு மாற்றலாயிற்று.

தண்டனை விதித்த மறுவாரம் தாவூத்தின் மனைவி மைமூன் கொட்டகையின் கேட்டுக்கு வந்து நின்றாள். காவல்காரன் விரட்டியும் போகவில்லை. மேஸ்திரி போனார், என்னையும் கூட வரச் சொன்னார்.

"அண்ணாத்தே, என் ஊட்டுக்காரரு தூங்கறவரு இல்ல. லைட்டு போச்சின்றாரு. லைட்டு வேல பாத்தவங்க நீங்க தானாமே. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

"லைட்டு நல்லா தான் எரிஞ்சிது. ஆபீசருங்க எல்லாம் கண்ணால பாத்தாங்க. உன் ஊட்டுக்காரன் தூங்கிட்டான்மா."

"சத்தியமா?"

"என் ரெண்டு கண்ணு மேல சத்தியமா."

அவள் நம்பவில்லை. அவர் கண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது மேஸ்திரி என் பக்கம் கையைக் காட்டினார். "எனக்குப் புள்ள குட்டி இல்ல, அதால உனக்கு நம்பிக்க வரல. இவனக் கேளு. அந்த லைட்டப் பூட்டினதே இவன் தான். இவனுக்குப் பொண்ணு கீது."

மைமூன் என்னிடம் திரும்பினாள். நான் என் மகள்மேல் சத்தியம் செய்தேன். பெயரைச் சொல்லிச் செய்தேன். அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. "அப்போ தூங்கித் தான் இருப்பாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தாள். என் மகளுக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. சத்தியம் பலிக்கும் என்று சொல்கிறார்களே, பலிக்காது. பலித்திருந்தால் நான் அப்போதே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு மேஸ்திரி என்னை விளக்கு வேலைக்குச் சோதனையாளனாக உயர்த்தினார். நீங்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினீர்கள். யாராவது வளையம் போடாமல் கம்பி இழுத்தால், "வேதாசலத்தக் கேளு, அவனுக்குத் தெரியும் இன்னா ஆவும்னு" என்று கொட்டகை முழுக்கக் கேட்கும்படி சொல்வார். நீங்கள் அதை என் திறமைக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்தீர்கள். ஒரு நாள் தனியாக அவரிடம், "ஏன் மேஸ்திரி இப்படி உயிரோட கொல்றீங்க?" என்று கேட்டேன். "உன்ன மட்டுமா?" என்றார்.

யுத்தம் முடிந்தது. கொட்டகையில் ஆள் குறைத்தார்கள். பட்டாளம் ஏலம் விட்ட ஜீப்புகளைக் கல்குவாரிக்காரர்களும் காண்ட்ராக்டர்களும் வாங்கினார்கள். அவர்கள் எல்லாருக்கும் கூடுதல் விளக்கு வேண்டியிருந்தது. மேஸ்திரி பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் கடை போட்டார். எனக்கு வேறு வேலை தேடத் தைரியம் இல்லை, அவரோடு போனேன். கடை திறந்து மூன்றாம் மாதம் தாவூத் வாசலில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான். லைசென்ஸ் பறிபோயிருந்தது. ஆளைக் கொன்றவன் என்று ஊரில் யாரும் மாட்டுவண்டி ஓட்டக்கூட அவனை வைத்துக்கொள்ளவில்லை.

"எந்த வேலயா இருந்தாலும் செய்றேன் மேஸ்திரி" என்றான்.

"வண்டிக்கு அடியில பூந்து துருவச் சொரண்டணும். முடியுமா?"

"முடியும்."

அன்றே சுரண்டத் தொடங்கினான். நாலு மாதம் ஓடியது. ஒயர் இழுக்கவும் கற்றுக்கொண்டான். ஒரு நாள் பட்டப்பகலில், பாரிவாக்கத்து ஆசாமி ஒருவரின் ஜீப்புக்கு விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தோம். தாவூத் துளையில் வளையத்தைப் பொருத்திக்கொண்டே இயல்பாகக் கேட்டான்:

"மேஸ்திரி, இத்தப் போடாம உட்டா இன்னா ஆவும்?"

நான் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன். மேஸ்திரி தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"ஒயர் அறுந்து தகட்டுல படும்."

"பட்டா?"

"லைட்டு போவும். ஒரே கம்பில கட்டியிருந்தா எல்லா லைட்டும் போவும்."

தாவூத்தின் கை நின்றுவிட்டது. அப்போதும் மேஸ்திரி பேசாமல் இருந்திருக்கலாம். அவர் எழுந்து, அவன் எதிரில் போய் நின்றார்.

"அன்னிக்கு அதான் ஆச்சி. நீ தூங்கல. கட்டினது இவன். மாத்தி வெச்சி மறைச்சது நான்."

தெருவில் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. அது கடந்து போகும்வரை மூவரும் அப்படியே நின்றோம். தாவூத் அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவன் கையில் ஸ்பானர் இருந்தது.

"இத்த மைமூன் கைல சொல்லு மேஸ்திரி" என்றான். "ஊரு நம்பலன்னா போவுது. அவளும் நம்பல. ஜெயிலுக்கு வந்து, 'ஏன்யா தூங்கின'ன்னு கேட்டா."

"சொல்ல மாட்டேன். சொன்னா அவ சும்மா இருக்க மாட்டா. நான் உள்ள போவேன், இவன் உள்ள போவான், கட போவும். உனக்கு வேற எவன் வேல குடுப்பான்? நீயே சொல்லிக்கோ, முடிஞ்சா."

தாவூத் நெடுநேரம் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து, வளையத்தைப் பொருத்தி, கம்பியை இழுத்தான். மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். மைமூனிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் அந்தக் கடைச் சோற்றைத் தொடமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அன்று மாலை நான் மேஸ்திரியிடம் கத்தினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அவரிடம் கத்தியது அன்றுதான். "அவனால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு சொல்றீங்களே, இது என்ன நியாயம்? ஒரு மன்னிப்பாவது கேட்டீங்களா?"

அவர் பிளேயரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "என் கையில சோறு துன்றவன் கைல மன்னிப்புக் கேட்டா, அவன் குடுத்துத் தான் ஆவணும். அத்தயும் அவன் கைலேர்ந்து புடுங்கணுமா? அவன் கேட்டான், சொன்னேன். நீ இன்னிக்கும் வாயத் தொறக்கல பாரு."

அவர் அப்படித்தான். இரக்கமே இல்லாதவர். தாவூத்தைப் பதினெட்டு மாதம் சிறையில் வைத்தவர்களில் ஒருவர். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவரைப் பற்றி இரவல் புகழ்ச்சி எதையும் இங்கே படிக்கமாட்டேன்.

சுடுகாட்டுக்குத் தாவூத்தும் வந்தான். கொஞ்சம் தள்ளி, வேலமரத்தின் அருகே கைகட்டி நின்றான். திரும்பும்போது நானும் அவனும் மட்டும் பின்தங்கினோம். "அழுவறதா, காறித் துப்பறதான்னே தெரியல அண்ணே" என்றான். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு, உண்மை தெரிந்து ஒன்றரை வருஷமாக ஒரு நாளும் கேட்காததைக் கேட்டான்.

"மேஸ்திரியாவது மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நீ ஏன்ணே சொல்லல? தெனம் டீ வாங்கிக் குடுத்த. புள்ளைங்களுக்குப் பலகாரம் குடுத்த. ஏன் சொல்லல?"

நான் அவனுக்கு நல்லவனாக இருந்திருக்கிறேன். அவன் முகத்தைப் பார்த்தபோது, மேஸ்திரி செய்த கொடுமையைவிட என் நல்லதனம் அவனை அதிகமாக அறுத்திருக்கிறது என்று தெரிந்தது.

"மைமூன் கைல நான் சொல்றேன்" என்றேன். "நாளைக்கே வரேன்."

மறுநாள் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. இரண்டு முறை அவர்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். இன்று பதினாறாம் நாள்.

இதை எழுதி முடித்ததும் மேஸ்திரியின் மனைவி ராஜம்மாளிடம் நேற்றுப் படித்துக் காட்டினேன். அவர் வீட்டுக் காரியத்தில் படிப்பதை அவர் அறியாமல் படிக்கக்கூடாது. அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார். பிறகு, "அந்த மனுஷன் இருந்தா இன்னா சொல்லுவாரு? படிடான்னு தான் சொல்லுவாரு. படி" என்றார்.

மேஸ்திரியிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய பிளேயரைத் தாவூத்துக்குக் கொடுத்துவிட்டோம். எனக்கு மிச்சம் ஒன்றுதான்: ஒரு மனிதனின் எதிரில் போய் நின்று, நான் செய்தேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு எதையும் கேட்காமல் நிற்பது. அவர் ஒருமுறைதான் அதைச் செய்தார். காலம் கடந்துதான் செய்தார். நான் இன்றுவரை செய்யவில்லை.

மைமூன், நீ அங்கே பின்னால் பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாய். சமையலுக்கு உதவ வந்தவள், இந்தப் பெரிய மனிதரைப் பற்றி ஏதோ படிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருப்பாய். அன்று கேட்டில் என் மகள் பெயரைச் சொல்லி நான் உனக்குச் செய்த சத்தியம் பொய். உன் வீட்டுக்காரர் தூங்கவில்லை.